ஊட்டத்தூர் கல்லுக்குப் பெயர் வைத்தவர்



நம்ம ஊர்க் கல் என்றாலே எல்லோருக்கும் மலைக்கோட்டைதான் ஞாபகத்துக்கு வரும். புத்தூர் நால்ரோட்டில் பஸ் ஏறிச் சத்திரம் போகிறவர்கள் தினமும் பார்க்கிற பாறை அது. பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய வகை. அதை எத்தனை துண்டாக உடைத்தாலும் ஒரு சின்னப் புழுவின் சுவடுகூடக் கிடைக்காது.

ஆனால் உலகத்துப் புவியியல் புத்தகங்களில் 'திருச்சினாப்பள்ளி' என்ற பெயர் ஏறியது மலைக்கோட்டையால் அல்ல. சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை போய், அங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், அப்பால் அரியலூர் என்று ஒரு வறண்ட பூமி கிடக்கிறதே, அந்த மண்ணில் கிடக்கும் கடல் கிளிஞ்சல்களால் வந்த பெயர் அது. ஆம்! கடலே கண்ணுக்கு எட்டாத இடத்தில் கடல் உயிர்கள்!

அந்த உயிர்களுக்கு முறையாகப் பெயரும் உருவமும் வயதும் எழுதி வைத்த ஒருவரின் கதைதான் இது. அவர் பெயர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. நம்மில் பலர் இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம். புவியியல் படிக்கிறவர்களுக்கோ அது நன்றாகத் தெரிந்த பெயர். 36 வயதில், இமயத்துக்கும் அப்பால் ஒரு குளிர்ப் பாலைவனத்தில் உயிரை விட்டவர் அவர்.

காட்டுக் காவலர் மகன்

1838ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி, இன்றைய செக் நாட்டில் உள்ள மொராவியாவில், க்ரோமெரிஷ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஸ்டோலிச்கா பிறந்தார். அப்பாவுக்குக் காட்டைப் பராமரிக்கும் வேலை. மரம், பறவை, நத்தை, கல் இவைதான் பையனுக்கு முதல் பள்ளிக்கூடம் என்றால் மிகையாகாது.

பிறகு வியன்னா பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் எடுவார்ட் சூயஸ். இன்றைக்கு நாம் பாடத்தில் படிக்கிற 'கோண்டுவானா நிலம்', 'டெதிஸ் கடல்' என்ற பெயர்களெல்லாம் பிற்காலத்தில் சூயஸ் வழங்கியவைதான். படிப்பு முடிந்து ஆஸ்திரியாவின் புவியியல் ஆய்வுத் துறையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். 1862இல், 24 வயதில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். அப்போது துறைக்குத் தலைவர் தாமஸ் ஓல்ட்ஹாம்.

வந்தவருக்குக் கொடுக்கப்பட்ட முக்கியமான வேலை என்ன தெரியுமா? நம்ம ஊர்க் கல்!

பெட்டி பெட்டியாய்க் காத்திருந்த கடல்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1840களில் சென்னை மாகாண அதிகாரியாக இருந்த கேய் என்பவரும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கங்களில் கல்லாய்ப்போன கிளிஞ்சல்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றைப் பார்த்து 1846இல் எழுதினார். அது முதல் படி.

அடுத்து வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. 1857 முதல் 1860 வரை இந்தப் பகுதியை அங்குலம் அங்குலமாக ஆய்ந்து வரைபடம் போட்டவர். ரயிலே திருச்சிக்கு வந்து சேராத காலம். நாம் இன்றைக்கு பைக்கில் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடும் தூரத்தை அவர் பருவம் பருவமாக அளந்தார். பாறை அடுக்குகளை மூன்று பெரிய தொகுதிகளாகப் பிரித்து, கீழே இருப்பது ஊட்டத்தூர், நடுவில் திருச்சினாப்பள்ளி, மேலே அரியலூர் என்று நம்ம ஊர்ப் பெயர்களையே வைத்தார். 1862இல் அவருடைய அறிக்கை அச்சானது. இன்றைக்கும் ஜப்பானிலோ பிரான்சிலோ ஒரு புவியியல் மாணவன் இந்தப் பாறைகளைப் பற்றிப் படித்தால் ஊட்டத்தூர் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது.

பிளான்ஃபோர்டும் துறையினரும் சேகரித்த கற்கள் கல்கத்தாவில் பெட்டி பெட்டியாய்க் காத்திருந்தன. ஒவ்வொன்றும் எந்த ஊரில், எந்த அடுக்கில் எடுத்தது என்ற குறிப்போடு இருந்தது. தோழர்களே, இந்தக் 'குறிப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையே அதில்தான் நிற்கிறது.

நத்தையல்ல, கடிகாரம்!

ஸ்டோலிச்கா அந்தப் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்தார். பிளான்ஃபோர்டு ஏற்கெனவே ஒரு பகுதியை எழுதியிருந்தார். மீதியை இவர் எடுத்துக்கொண்டார். முதலில் அம்மோனைட்டுகள். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ஓடு. பார்த்தால் நத்தை போலத் தெரியும். ஆனால் அது நம்ம மார்க்கெட்டில் விற்கிற கணவாய் மீனுக்குத்தான் தூரத்துச் சொந்தம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில் இந்த இனமும் பூண்டோடு போய்விட்டது.

போன உயிரைப் பற்றி இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் பாறையின் வயதைக் கணக்கிடக் கதிரியக்க முறை கிடையாது. ஒரு அடுக்கு மூத்ததா இளையதா என்று சொல்ல ஒரே வழி, அதில் என்ன உயிர் இருக்கிறது என்று பார்ப்பதுதான். அம்மோனைட்டுகள் வேகமாக உருமாறியவை. ஒரு வகை கொஞ்ச காலமே வாழும், ஆனால் கடல் கடலாகப் பரவும். அதனால் ஊட்டத்தூரில் கிடைத்த ஓடும் ஐரோப்பாவில் கிடைத்த ஓடும் ஒரே வகை என்றால், அந்த இரண்டு பாறைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. ஆக, அவர் கையில் இருந்தது வெறும் கல் அல்ல, கடிகாரம்! ஓட்டில் உள்ள கோடு எத்தனை, முடிச்சு எங்கே, அறைகளைப் பிரிக்கும் தையல் போன்ற வரி எப்படி வளைகிறது என்று ஒவ்வொன்றையும் அளந்து, படம் வரையவைத்து, ஐரோப்பிய ஓடுகளோடு ஒப்பிட்டு எழுதினார்.

அம்மோனைட் பகுதி 1866க்குள் முடிந்தது. பிறகு நத்தை இனங்கள், அடுத்து இரட்டை ஓட்டுச் சிப்பிகள், கடைசியாகக் கடல் முள்ளெலி, பவளம் முதலியவை. நான்கு பெரிய தொகுதிகள். 'பேலியன்டோலாஜியா இண்டிகா' என்ற துறை வெளியீட்டில் கடைசித் தொகுதி 1873இல் நிறைவுபெற்றது. ஏறக்குறைய பத்து வருஷ வேலை! இன்றைக்கு நமக்குத் தெரியும், ஊட்டத்தூர் தொகுதியின் அடி அடுக்குகள் சுமார் 11 கோடி ஆண்டு பழமையானவை என்று. இந்தியா தெற்குக் கண்டங்களை விட்டுப் பிரிந்து வடக்கே நகர்ந்தபோது கிழக்குக் கரையில் கடல் உள்ளே ஏறி வந்து படியவைத்த மண் அது. அந்தக் கடலில் யார் யார் வாழ்ந்தார்கள் என்ற வாக்காளர் பட்டியல்தான் ஸ்டோலிச்காவின் நான்கு தொகுதிகளும்.

பாலைவன மலைகள்

இவ்வளவையும் எழுதியவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார் என்று நினைக்காதீர்கள். 1864இலும் 1865இலும் அவர் இமயத்தின் மறுபக்கம், ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போனார். பாலைவனம் என்றால் நமக்கு மணலும் ஒட்டகமும்தான் தோன்றும். ஸ்பிட்டியும் லடாக்கும் பாலைவனம்தான். மழை மேகத்தை இமயம் தடுத்துவிடுவதால் அந்தப் பக்கம் பச்சையே இல்லாத மொட்டை மலைகள். 4,000 மீட்டர் உயரத்தில் மூச்சுக்கூடத் தவணை முறையில்தான் வரும். ஆனால் புவியியல்காரனுக்கு அது சொர்க்கம். ஏன்னா மரமும் மண்ணும் மூடாததால், அடுக்கின் மேல் அடுக்காகப் பாறைகள் புத்தகப் பக்கம் போலத் திறந்து கிடக்கும்.

அந்த மலை முழுவதும் ஒரு காலத்தில் கடலின் அடித்தளம். சட்லெஜ் நதியிலிருந்து சிந்து நதி வரை மலைகளைக் குறுக்கே கடந்து, அடுக்குகளை வரிசைப்படுத்தி, பக்கத்துக் கிராமங்களின் பெயரையே சூட்டினார். முத், லிலாங், கியுமல், சிக்கிம் (இது மாநிலம் அல்ல, ஸ்பிட்டிக் கிராமம்) என்று அவர் வைத்த பெயர்கள் இன்றும் பாடப்புத்தகத்தில் உள்ளன. சிக்கிம் சுண்ணாம்புக்கல் நம்ம அரியலூர்ப் பாறைகளைப் போலவே கிரிடேசியஸ் காலத்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே ஒன்று, இமயத்துக்கு வடக்கே ஒன்று!

ஸ்ரீரங்கத்தில் வீடு உள்ள நண்பர்களுக்கு இன்னொரு செய்தி. பல வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் இருக்கும். நேபாளத்தில் முக்திநாத் பக்கம் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருப்புக் கல் அது. அதில் தெரிகிற சக்கரம் பல கற்களில் அம்மோனைட்டின் சுவடுதான். ஸ்பிட்டியின் புகழ்பெற்ற கருப்புக் களிப்பாறையும் அதே வகையைச் சேர்ந்தது. நாம் கைகூப்பி வணங்கும் கல்லையும் அந்த மொராவியாக்காரர் மலையேறித் தேடிய கல்லையும் ஒரே கடல்தான் செய்திருக்கிறது. பிற்காலத்தில் அவருடைய ஆசிரியர் சூயஸ், 1893இல், அந்த மறைந்த கடலுக்கு டெதிஸ் என்று பெயரிட்டார்.

1871, 72இல் கட்ச் பகுதிக்குப் போனார். அங்கே ஜுராசிக் பாறைகளைப் பச்சம், சாரி, கட்ரோல், உமியா என்று நான்காகப் பிரித்தவரும் இவர்தான். போன இடத்தில் பறவைகளையும் விடவில்லை. மேற்கு இந்தியாவின் வறண்ட நிலத்தில் வாழும் ஒரு சின்னக் குருவி இன்றும் ஆங்கிலத்தில் ஸ்டோலிச்கா பெயரால்தான் அழைக்கப்படுகிறது. நத்தை, வௌவால், பாம்பு என்று அவர் எழுதாத ஜீவன் குறைவு.

கடைசிப் பயணம்

1873இல் தென்னிந்தியத் தொகுதிகள் முடிந்தன. அதே வருஷம் டக்ளஸ் ஃபோர்சைத் தலைமையில் யார்கண்டு, காஷ்கர் நகரங்களுக்கு அரசு ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. இயற்கை ஆய்வாளராக ஸ்டோலிச்கா சேர்ந்தார். லே, காரகோரம், அப்பால் மத்திய ஆசியாவின் பாலைவனம். போகிற வழியிலேயே கடுமையாக நோயில் விழுந்து எழுந்தார். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. காஷ்கரைத் தாண்டித் தியான்ஷான் மலைப்பக்கம் போனார். 1874இல் பாமீர் பீடபூமியையும் பார்த்தார். வழியெல்லாம் கல், பறவை, பூச்சி, பல்லி. ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி, குறிப்பு.

1874 ஜூன் மாதம் குழு திரும்பி வந்தபோது மறுபடியும் காரகோரம் கணவாய். 5,500 மீட்டருக்கு மேல் உயரம். தாண்டும்போதே அவருக்குத் தலைவலி. அப்புறம் டெப்சாங் மேட்டுச் சமவெளி. காற்றும் கல்லும் தவிர வேறு எதுவும் இல்லாத இடம். மூச்சுத் திணறல் கூடியது. அந்த நிலையிலும் வழியில் தெரிந்த பாறை அடுக்குகளைப் பார்க்காமல் வர அவருக்கு மனசு வரவில்லை. பார்த்தார், குறித்தார். ஜூன் 19ஆம் தேதி, லடாக்கில் முர்கி என்ற முகாமில் உயிர் பிரிந்தது. 36வது பிறந்த நாள் கழிந்து 12 நாள்தான் ஆகியிருந்தது.

உயரமான மலையில் காற்று மெலிந்து, மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோத்துக்கொள்ளும் நோயே காரணம் என்று இன்றைய மருத்துவர்கள் கருதுகிறார்கள். இன்றைக்கு மலையேறும் பையனுக்குக்கூடத் தெரியும், தலைவலி வந்தால் கீழே இறங்கு என்று. அன்றைக்கு அது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. உடலை லே ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அங்கே அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அது இன்றும் நிற்கிறது.

குறிப்பேடு சாகவில்லை

அவரோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன்?

பெட்டிகள் கல்கத்தா வந்து சேர்ந்தன. குறிப்பேடுகளும் வந்தன. முன்பின் அந்த ஊரைப் பார்க்காத ஒருவர் திறந்தாலும், எது எங்கே எடுத்தது என்று புரியும்படி எழுதியிருந்தார். அதை வைத்துப் பல அறிஞர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். 1878 முதல் 1891 வரை இரண்டாம் யார்கண்டு தூதுக்குழுவின் அறிவியல் முடிவுகள் பகுதி பகுதியாக வெளிவந்தன. அதில் புவியியல் பகுதியைத் தொகுத்தவர் யார் தெரியுமா? வில்லியம் பிளான்ஃபோர்டு. நம்ம ஊட்டத்தூரை அளந்த ஹென்றி பிளான்ஃபோர்டின் அண்ணன்!

தம்பி சேகரித்து எழுதிவைத்த கல்லை ஸ்டோலிச்கா உலகத்துக்குச் சொன்னார். ஸ்டோலிச்கா சேகரித்து எழுதிவைத்த கல்லை அண்ணன் உலகத்துக்குச் சொன்னார். நடுவில் ஒரு மரணமே வந்தும் வேலை நிற்கவில்லை. காரணம், இரண்டு பேருமே குறிப்பை நேர்மையாக எழுதினார்கள். அவ்வளவுதான்.

1875இல் நாய்மாயர் என்ற அறிஞர் ஒரு அம்மோனைட் பேரினத்துக்கு 'ஸ்டோலிச்காயா' என்று பெயர் வைத்தார். அந்த ஸ்டோலிச்காயா ஊட்டத்தூர்ப் பாறைகளிலேயே கிடைக்கிறது. நம்ம கல்லுக்குப் பெயர் வைத்தவரின் பெயரை நம்ம கல்லே சுமக்கிறது!

நமக்கு என்ன?

இரண்டாம் வருஷம் படிக்கும்போது நாங்கள் எட்டுப் பேர் காரைக்குப் போனோம். செம்மண் மேடுகளும் ஓடைப் பள்ளங்களுமாய், நடுநடுவே வெள்ளைக் கோடாக ஜிப்சம் ஓடுகிற பூமி. பார்த்தால் அதுவும் ஒரு சின்னப் பாலைவனம்தான். துப்பாக்கித் தோட்டா போல ஒரு கல்லை எடுத்தேன். கணவாய் மீனின் சொந்தக்காரனான பெலம்னைட் என்ற உயிரின் மிச்சம் அது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது அது என் மேஜையில் கிடக்கிறது. எந்த ஓடையில், எந்த அடுக்கில் எடுத்தேன்? ஞாபகம் இல்லை. எழுதவில்லையே! இடத்தை விட்டுப் பிரிந்த அந்தக் கல்லுக்கு இனி வாயே இல்லை. பேப்பர் வெயிட், அவ்வளவுதான். எடுக்காமல் விட்டிருந்தாலாவது அது யாருக்காவது பேசியிருக்கும்.

அன்றைக்கு ராத்திரி உறைத்தது. சர்வே பீரியடில் லெவல் புக் எழுதும்போது நாம் என்ன செய்கிறோம்? பேக் சைட் ஒன்று, ஃபோர் சைட் ஒன்று எடுத்துவிட்டு, நடுவில் உள்ளதை நிழலில் உட்கார்ந்து 'சரிக்கட்டி' விடுகிறோம். ரெக்கார்டு நோட்டை அடுத்தவனைப் பார்த்து எழுதுகிறோம். கணக்கு டேலி ஆனால் போதும். தலைவலியோடும் மூச்சுத் திணறலோடும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிய ஒரு மனிதர் இருந்தார் என்று தெரிந்த பிறகு, என் லெவல் புக்கைத் திறக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் டிப்ளமோ முடித்துச் சிமெண்ட் ஆலைக்கோ சுரங்கத்துக்கோதான் வேலைக்குப் போகிறோம். கல்லக்குடியில் 1930களின் இறுதியில் ஆலை வந்தது. பிறகு அரியலூர் சுற்றிலும் பல ஆலைகள். அவற்றுக்கு மூலப்பொருளான சுண்ணாம்புக்கல் வேறொன்றுமில்லை. ஸ்டோலிச்கா பட்டியல் போட்ட அதே சிப்பிகளும் பவளங்களும்தான். சூளையில் 1,450 டிகிரி வெப்பத்தில் வெந்து கிளிங்கராகி, அரைபட்டு, மூட்டையாகி, நம்ம வீட்டுச் சுவராகிறது. ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில்தான் நமக்குச் சோறு. ஆனால் ஒரு முறை சூளைக்குள் போன ஓடு மறுபடி வராது. சாத்தனூரில் 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரம் இன்றைக்கும் இருக்கிறது என்றால், அது என்ன என்று ஒருவர் அடையாளம் கண்டு சொன்னதால்தான். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருப்பதும் அப்படித்தான்.

நாளைக்கு நீங்கள் ஒரு சுரங்கத்தில் சூப்பர்வைசராக நிற்கும்போது, வெடி வைத்த முகத்தில் வித்தியாசமாக ஏதோ ஒன்று தெரியலாம். ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். போட்டோ எடுங்கள். எந்த பெஞ்ச், எத்தனை மீட்டர் ஆழம், என்ன தேதி என்று எழுதுங்கள். தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். அதைப் படித்து விளக்க நமக்குப் பட்டம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் படிக்கப்போகிற ஒருவருக்கு வேண்டியதை எழுதிவைக்க டிப்ளமோ போதும்.

லே ஊரில் இருக்கும் அந்தக் கல்லறைக்கு நம்மால் போக முடியுமோ முடியாதோ. பாடாலூர் போய் இறங்கிக் கிழக்கே பார்த்தால், அவருடைய எழுத்து அங்கேதான் கிடக்கிறது, கல்லாக. மிதித்துப் போகும்போது கொஞ்சம் குனிந்து பாருங்கள் தோழர்களே!

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், புத்தூர்